முப்புரிக் கயிறும் சென்னை ஆய்வும்

புது தில்லியிலுள்ள விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் குழு வழங்கிய பட்நாகர் பரிசு 1961-ஆம் ஆண்டில் பௌதிக அறிஞர் ஜி. என். ராமச்சந்திரனுக்குக் கிட்டியது. அப்பெருமையின் பின்னே நிற்கும் வரலாறு சென்னையில் நிகழ்ந்தது. தமிழகத்தை விட்டுத் தொலைவில் வாழும் நாம் அறிந்து மகிழத்தக்கது.

நம் இரு கைகளும் ஒரே வடிவின. எனினும் வலக்கை உறை இடக்கைக்குப் பொருந்துவதில்லை. மூலக்கூறுகளிலும் இவ்வேற்றுமை உண்டென்பதை 1848-இல் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் காட்டினார். நம் புரதங்களை ஆக்கும் அமினோ அமிலங்கள், கிளைசீன் நீங்கலாக, யாவும் இட இனத்தவை. அவை தொடராக இணையும்போது முறுக்கு ஒரு குறிப்பிட்ட பக்கமாக அமைவதற்கு இதுவே காரணம்.

தோல், தசைநாண், எலும்பு ஆகியவற்றுக்கு உறுதி தருவது கொலாஜன் என்னும் புரதம். அதன் அமைப்பு விளங்காதிருந்த காலத்தில், 1952-இல், ராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பௌதிகத் துறைத் தலைவரானார். அங்கு வந்த அறிஞர் பெர்னால் அப்புதிரை எடுத்துரைத்தார். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கங்காருவின் வால் தசைநாணை எக்ஸ்-கதிரால் ஆராய்ந்து, மூன்று இழைகள் சேர்ந்த வடிவை 1954-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர். அடுத்த ஆண்டு அதைத் திருத்தி, முறுக்கின்மேல் முறுக்காக அமைத்தனர்.

கயிறு திரிப்போர் புரிகளை ஒரு பக்கமும், அவற்றைச் சேர்த்து எதிர்ப்பக்கமும் முறுக்குவர். ஆதலால் கயிறு பிரிவதில்லை. கொலாஜனும் அவ்வாறே: தனி இழை இடமாகவும், மூன்றும் கூடியபின் வலமாகவும் சுழல்கின்றன. கயிற்றின் நடுவில் இடம் மிகக் குறைவு. ஆகவே ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் மிகச் சிறிய கிளைசீனே அமர்கிறது. இழைகளைப் பிணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்பு மூன்று கூறுகளுக்கு இரண்டு எனச் சென்னை அறிஞர் கருதினர். ஒன்றே எனக் கிரிக்கும் ரிச்சும் மறுத்தனர். பின்னைய ஆய்வுகள் ஒன்றையே ஆதரித்தன. முப்புரி வடிவமோ நிலைத்து நின்றது.

இக்கயிற்றின் நீளம் சுமார் 300 நானோமீட்டர், தடிப்பு ஒன்றரை. இத்தகைய கயிறுகள் படிப்படியாக விலகி அடுக்கப்பட்டு நுண்ணிழைகளாகின்றன; அவை திரண்டு, சாதாரண நுண்பெருக்கியிலும் காணத்தக்க நார்களாகின்றன. இவற்றைத் திரிக்கும் கை எதுவுமில்லை. குளிர்ந்த அமிலத்தில் கரைந்த கொலாஜனை நடுநிலையாக்கி உடற்சூட்டுக்குக் கொணர்ந்தால், குழாயிலேயே நுண்ணிழைகள் தாமே உருவாகும்.

வைட்டமின் 'சி' குறைந்தால் இம்முப்புரி உறுதி இழக்கிறது. ஈறு கசிகிறது, புண் ஆறுவதில்லை. கண்ணுக்குப் புலப்படாத முறுக்கில் நம் உடல்நலம் தங்கியுள்ளது. அம்முறுக்கை உலகுக்குக் காட்டிய ராமச்சந்திரன் 2001-இல் மறைந்தார். அவர் கண்ட வடிவம் இன்றும் உலகெங்கும் பாடநூல்களில் திகழ்கின்றது.