பதக்கத்தில் ஒரு பாரசீக வரி

மாத்தளையிலிருந்து தம்புள்ளை செல்வோர் நாலந்தாவில் இறங்குவது கெடிகேயைப் பார்க்கத்தான். திருகோணமலைக்கும் கண்டிக்குமிடையே படைகள் நடந்த திசையும் இதுவென்பதை நினைப்போர் குறைவு. 1803 பெப்ரவரியில் கேணல் பார்பட் திருகோணமலையிலிருந்தே கண்டிக்குப் படை நடத்தினார். மாத்தளையில் மக்டவல் கோட்டை எழுந்ததும் அந்தப் போரில்தான்.

பழைய படைப் பதக்கங்களைச் சேகரிப்போர் மிக அரிதாய்க் கருதுவது அதற்குச் சற்று முந்தியதொன்று. 1795-96இல் ஒல்லாந்தரிடமிருந்து இலங்கையைக் கைப்பற்றியதற்காக, வங்காளப் பீரங்கிப் படையின் சுதேசிகளுக்குக் கிழக்கிந்தியக் கம்பனி 1807இல் வழங்கியது. பொன்னில் 2, வெள்ளியில் ஏறத்தாழ 120. ஒரு முகத்தில் ஆங்கிலம். மறுமுகத்தில் பாரசீகமும் ஹிஜ்ரி ஆண்டும். மொகலாயர் ஆட்சிமொழியைக் கம்பனி அப்போதும் கைவிடவில்லை. மஞ்சள் பட்டுக் கயிற்றில் கழுத்தில் அணிந்தார்கள். ஆனால் அணிந்தவர் யார்? பதக்கத்தில் பெயர் பொறிக்கப்படவில்லை.

கண்டியில் நிலைமை நேர்மாறு. 1803 ஜூனில் மேஜர் டேவி சரணடைந்தபின், மலாய்க் கப்டன் நூருத்தீன் அரசனின் சேவையில் சேர மறுத்துச் சகோதரருடன் கொல்லப்பட்டார். அரசனின் படையிலும் மலாயர் இருந்தனர் என்பதை நம்மவர் எழுதும்போது விட்டுவிடுகிறார்கள். நூருத்தீனின் பெயர் நிற்பது ஆங்கிலேயர் எழுதிய நூல்களில்தான்.

மலாயரைப் பெரும்பான்மையாகக் கொண்ட இலங்கை ரைபிள் படை 1873இல் கலைக்கப்பட்டது. பிற்காலப் பிரித்தானியப் பதக்கங்கள் பலவற்றின் விளிம்பில் பெயரும் படைப்பிரிவும் உண்டு. வீட்டுப் பெட்டியில் கிடப்பதை வெள்ளி விலைக்கு உருக்கக் கொடுக்குமுன் அந்த விளிம்பை ஒருதடவை படித்துப் பாருங்கள்.