நற்செய்தி நடந்த மண்



ஒரு கதையைக் கேட்கும்போது, அது நடந்த இடத்தை நாம் அறிந்திருந்தால் அந்தக் கதை நம் நெஞ்சுக்கு இன்னும் நெருங்கி வருகிறது. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஒருவர் நடந்தே போனார் என்று சொன்னால், அந்தச் சாலையைப் பார்த்தவர்களுக்கு அவர் பட்ட பாடு உடனே விளங்கும். பார்க்காதவர்களுக்கு அது வெறும் செய்தி. இயேசுநாதரின் வரலாற்றைக் கூறும் நற்செய்தி நூல்களும் அப்படித்தான். அவற்றில் ஏரி, சாலை, தோட்டம் என்று வரும் சொற்களை நாம் வேகமாகக் கடந்துவிடுகிறோம். அந்தச் சொற்களுக்குப் பின்னால் உள்ள நிலத்தை இன்று சிறிது பார்ப்போம்.

இது புதிய எண்ணம் அன்று. கி.பி. 386-ஆம் ஆண்டில் ஜெரோம் என்னும் துறவி பெத்லகேமில் வந்து தங்கினார். வேதநூலை எபிரேய மொழியிலிருந்து இலத்தீனுக்கு மொழிபெயர்த்தவர் அவர். யூத அறிஞர்களைத் துணையாகக் கொண்டு அந்த நாட்டின் ஊர்களைச் சுற்றிப் பார்த்தார். யூதேயாவைக் கண்ணால் கண்டவனுக்கு வேதம் இன்னும் தெளிவாகப் புரியும் என்பது அவருடைய கருத்து.

முதலில் கலிலேயாக் கடலுக்குப் போவோம். கடல் என்று பெயர் இருந்தாலும் அது ஒரு நன்னீர் ஏரி. நீளம் சுமார் 21 கிலோமீட்டர். அகலம் சுமார் 13 கிலோமீட்டர். நமது பினாங்குத் தீவில் பாதியைவிடச் சற்றுப் பெரியது, அவ்வளவுதான். ஆனால் அது கடல் மட்டத்துக்குச் சுமார் 210 மீட்டர் கீழே, மலைகளுக்கு நடுவே, ஒரு கிண்ணம்போல் கிடக்கிறது. மலையின் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்குகளின் வழியாக அந்த வெப்பமான கிண்ணத்துக்குள் பாயும்போது, அமைதியாக இருந்த நீர் திடீரெனக் கொந்தளிக்கும். அங்கேயே பிறந்து, அங்கேயே வலை வீசிப் பிழைத்தவர்கள் சீடர்கள். அப்படிப்பட்டவர்களே உயிருக்கு அஞ்சி அலறினார்கள் என்றால், அந்தப் புயல் எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள். அதன் நடுவில் இயேசு உறங்கினார் என்பதன் பொருளும் அப்போதுதான் விளங்கும்.

1986-ஆம் ஆண்டில் மழையின்றி ஏரியின் நீர் வற்றியபோது, கரைச் சேற்றில் ஒரு பழைய படகு கண்டெடுக்கப்பட்டது. நீளம் எட்டே கால் மீட்டர், அகலம் 2.3 மீட்டர். ஏறத்தாழ இயேசுவின் காலத்தைச் சேர்ந்தது என்று ஆராய்ச்சியாளர் முடிவு செய்தனர். இது அவர் ஏறிய படகு என்று எவரும் சொல்ல முடியாது. ஆனால் அதன் மரங்களைப் பாருங்கள்! பத்துக்கும் மேற்பட்ட வகை மரத்துண்டுகள். உடைந்த இடத்தில் எல்லாம், கிடைத்த பலகையை வைத்துப் பலமுறை ஒட்டுப்போட்டிருக்கிறார்கள். புதுப் படகு வாங்க வழியில்லாத உழைப்பாளிகளின் படகு அது. இத்தகைய மனிதர்களைத்தான் இயேசு முதலில் அழைத்தார்.

அடுத்து, எருசலேமிலிருந்து எரிகோவுக்குச் செல்லும் சாலை. எருசலேம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 750 மீட்டர் உயரத்தில் உள்ளது. எரிகோவோ கடல் மட்டத்துக்குச் சுமார் 250 மீட்டர் கீழே. 30 கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் ஆயிரம் மீட்டர் இறக்கம்! மரமில்லாத, தண்ணீரில்லாத பாறைநிலம். கள்வர் ஒளிந்திருக்க எத்தனையோ மறைவிடங்கள். அங்கே கொள்ளையர் சிந்திய இரத்தத்தால்தான் ஓர் இடத்துக்குப் பெயரே ஏற்பட்டது என்று ஜெரோம் எழுதியிருக்கிறார்.

நல்ல சமாரியன் கதை நடப்பது இந்தச் சாலையில்தான். அடிபட்டவனைக் கண்டும் விலகிப்போன குரு, அந்த வழியே இறங்கிப் போனதாக லூக்கா கூறுகிறார். இறங்கிப் போனார் என்றால், எருசலேமை விட்டு வந்துகொண்டிருந்தார் என்று பொருள். ஆலய வழிபாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று அவர் சாக்குச் சொல்ல முடியாது. சமாரியனோ, கள்வர் இன்னும் அருகில் இருக்கக்கூடிய இடத்தில் நின்றான். தன் கழுதையைப் பிறனுக்குக் கொடுத்துவிட்டு, அந்த வெயிலில் தான் நடந்தான். இரக்கம் என்பது மனத்தில் எழும் உணர்ச்சி மட்டுமன்று, அதற்கு விலை உண்டு என்பதை அந்தச் சாலையே நமக்குச் சொல்கிறது.

மூன்றாவது இடம் கெத்செமனே. எருசலேமுக்குக் கிழக்கே கெதரோன் பள்ளத்தாக்கு. அதைக் கடந்தால் ஒலிவமலை. அதன் அடிவாரத்தில் அந்தத் தோட்டம். மலையைத் தாண்டினால் யூதேயப் பாலைநிலம் தொடங்குகிறது. பல நூற்றாண்டுகளுக்கு முன்பு தாவீது மன்னர், தம் மகன் அப்சலோமுக்கு அஞ்சி, இதே கெதரோனைக் கடந்து, இதே மலையில் அழுதுகொண்டே ஏறி, பாலைநிலத்துக்குத் தப்பிப் போனார். இயேசுவும் அதே ஓடையைக் கடந்து வந்தார். அது பாஸ்கா விழாவின் முழுநிலவுக் காலம். தம்மைப் பிடிக்க வருவோரின் தீவட்டிகள் தூரத்திலேயே தெரிந்திருக்கும். மலையேறி மறைந்துவிட வழி திறந்தே இருந்தது. ஆனால் அவர் போகவில்லை. அவர் அகப்பட்டுக்கொண்டவர் அல்லர், அறிந்தே நின்றவர். இந்த உண்மையை அந்த நிலத்தை அறிந்தவர் மறக்க முடியாது.

இவற்றை அறிய நாம் அங்கே போய்வர வேண்டுமா? அதற்குப் பணம் ஏது என்று தாய்மார்கள் கேட்கலாம். லயோலா இஞ்ஞாசியார் 1523-ஆம் ஆண்டில் எருசலேம் சென்றார். அங்கேயே தங்க விரும்பியும் அனுமதி கிடைக்காமல் சில வாரங்களில் திரும்ப நேர்ந்தது. 1548-இல் அச்சான அவருடைய 'ஆன்மிகப் பயிற்சிகள்' என்னும் நூல் ஒரு வழி காட்டுகிறது. நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்குச் செல்லும் வழியை மனக்கண்ணால் பார்க்கச் சொல்கிறார் அவர். அதன் நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு, சமவெளியா, மேடுபள்ளமா என்று எண்ணிய பிறகே தியானத்தில் அமரச் சொல்கிறார். இந்தப் பயணத்துக்குக் கப்பலும் வேண்டாம், விமானமும் வேண்டாம்.

ஆகவே, இரவில் குடும்பமாக வேதநூலை வாசிக்கும் கிறிஸ்தவ அன்பர்கள், பிள்ளைகளிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இது மேட்டு வழியா, இறக்கமா? அங்கே தண்ணீர் உண்டா, இல்லையா? அது பகலா, இரவா? வேதநூலின் பின்பக்கத்தில் நாட்டுப்படம் இருந்தால், அதில் அந்த ஊரை விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். பிறகு வாசியுங்கள். பலமுறை கேட்ட பகுதியும் புதிதாக ஒலிக்கும்.