மட்டக்களப்பு வாவிக்கரையும் இலங்கையின் கண்டக்கழலை வரைபடமும்

இலங்கையில் கண்டக்கழலை எங்கே இருந்தது, எங்கே இருக்கவில்லை என்று எழுதப் புகுந்தவர்களில் பலர் டாக்மர் வில்சனிடமிருந்தே தொடங்குகிறார்கள். இலங்கையையும் நைஜீரியாவையும் சேர்த்து அவர் எழுதிய கட்டுரை 1954இல் பிரித்தானிய ஊட்டச்சத்து இதழில் வெளிவந்தது. அதன்படி நோய் தீவின் தென்மேற்கு ஈரவலயத்துக்கு உரியது. வறண்ட வலயம் அதற்குப் புறம்பானது. மட்டக்களப்பு வறண்ட வலயத்தில் இருக்கிறது. ஆகவே மட்டக்களப்பில் கண்டக்கழலை இருந்ததில்லை என்ற முடிவு யாரும் நிறுவாமலே நிலைபெற்றுவிட்டது. வாவிக்கரையில் இதற்குச் சொல்லப்படும் காரணமும் எளியது: கடல் மீன் தின்கிறவர்களுக்கு அயடீன் குறையாது. அந்த முடிவையும் இந்தக் காரணத்தையும் நான் ஏற்கவில்லை.

உடலியல் அடிப்படை வாசகர் அறிந்ததே. தைரொயிட் சுரப்பி தன் ஓமோனை அயடீனைக் கொண்டே ஆக்குகிறது. வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் போதும், கர்ப்பிணிக்கு 250 வேண்டும். அது கிடைக்காதபோது பிட்யூட்டரியின் தூண்டல் ஏறுகிறது, சுரப்பி பருக்கிறது. கழுத்து வீக்கம் கண்ணுக்குத் தெரியும் அடையாளம் மட்டுமே. கருவிலிருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றுவதுதான் இதன் பெரிய சேதம். ஓர் ஊரை ‘நோயில்லாத ஊர்’ என்று கைவிடுவது அதனாலேயே சிறிய பிழையல்ல.

வில்சனின் முறையைச் சரியாகப் புரிந்துகொள்ள 1941க்குப் போகவேண்டும். அந்த ஆண்டு லான்செட் இதழில் அவர் பஞ்சாபையும் இங்கிலாந்தின் சொமர்செட்டையும் வைத்து, குடிநீரில் உள்ள புளோரீனுக்கும் கண்டக்கழலைக்கும் தொடர்புண்டு என்று வாதிட்டார். பற்களில் புளோரீன் கறை படிந்த ஊர்களின் மேல் கழலை உள்ள ஊர்களைப் பொருத்திப் பார்ப்பதே அவர் வழி. ஒரு பரம்பலின் மேல் இன்னொன்றை வைத்து, பொருந்துமிடத்தில் காரணத்தைத் தேடுவது. அதில் தவறில்லை. ஆனால் பரம்பல் முழுமையாகத் தெரிந்திருந்தால்தான் அது செல்லும். இலங்கையிலோ அந்தப் பொருத்தம் தலைகீழானது. பற்களைக் கறைப்படுத்தும் அளவுக்குப் புளோரைட்டு மிகுந்த நிலத்தடி நீர் அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கத்து வறண்ட வலயத்தில் இருக்கிறது. கழலை மிகுந்ததாகச் சொல்லப்பட்டதோ அதற்கு எதிர்ப்புறம். புளோரீன் கைவிட்டபின் எஞ்சியது மழைக்கோடு ஒன்றுதான். மழை மிகுந்தால் மண்ணின் அயடீன் கழுவப்படும், குறைந்தால் தங்கும் என்ற விளக்கம் அந்தக் கோட்டின்மேல் வந்து அமர்ந்தது.

அந்தக் கோடு மட்டக்களப்புக்கு எவ்வளவு பொருந்தும்? ஆண்டு மழை 1750 மில்லிமீற்றருக்குக் குறைந்த நிலத்தை வறண்ட வலயம் என்கிறோம். மட்டக்களப்பின் மழை ஏறத்தாழ 1600, 1700 என்ற அளவில் அந்த எல்லையை ஒட்டியே நிற்கிறது. அதன் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரை வாடைக்காற்றோடு ஒரே மூச்சில் கொட்டுகிறது. வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் வயல்கள் வாரக்கணக்கில் வெள்ளத்தில் கிடக்கும். முகத்துவாரத்தின் மணல்திட்டை வெட்டிவிட்டால்தான் வாவி வடியும். ஆண்டு முழுவதும் தூறும் மழைக்கும் சில மாதங்களில் பாயும் வெள்ளத்துக்கும் மண்ணைக் கழுவும் ஆற்றலில் என்ன வேறுபாடு என்று கேட்காமல், ‘வறண்ட’ என்ற ஒரு பெயருக்குள் அனுராதபுரத்தையும் மட்டக்களப்பையும் அடக்கிவிட முடியாது. வில்சன் அடக்கினார். அவருக்குப் பின் கே. மகாதேவாவும் எஸ். எஸ். சண்முகநாதனும் 1967இல் பிரித்தானிய ஊட்டச்சத்து இதழில் இலங்கையின் கண்டக்கழலைச் சிக்கலை மீண்டும் எடுத்தபோதும் நோயுள்ள பகுதி, இல்லாத பகுதி என்ற பாகுபாடு கலையவில்லை.

இங்கே இன்னொரு ஆய்வாளரின் நினைவு தவிர்க்க முடியாதது. கண்டக்கழலை அயடீன் குறையால் வருவதல்ல, தொற்றிப் பரவும் நோய் என்று வாதிட்ட அமெரிக்கரான இசிடோர் கிரீன்வால்ட், 1940களில் நாடு நாடாக அந்நோயின் வரலாற்றை எழுதினார். ஒரு நாட்டுக்கு முதலில் போன பயணிகள் வீங்கிய கழுத்தைக் குறிப்பிடவில்லையென்றால் அங்கே அது அப்போது இருக்கவில்லை என்பது அவர் கொள்கை. அயடீன் பற்றிய அவர் கருத்து தோற்றது. ஏட்டின் மௌனத்தை நோயின்மையாகப் படிக்கும் அவர் வழக்கம் மட்டும் தோற்கவில்லை. கிழக்கிலங்கை பற்றிய எழுத்தில் அது பெயர் சொல்லாமல் வாழ்கிறது.

அதை நான் மிகத் தெளிவாகக் கண்டது ஓர் அட்டவணையில். 1980களின் நடுப்பகுதியில் எம். ஏ. பெர்னாண்டோ, எஸ். பாலசூரிய, கே. பி. ஹேரத், எஸ். கட்டுகம்பொல ஆகியோர் 59,158 பாடசாலைப் பிள்ளைகளின் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார்கள். அதற்கு முன் இத்தனை பெரிய கணக்கு இலங்கையில் எடுக்கப்பட்டதில்லை. மொத்தத்தில் 18.8 விழுக்காடு பிள்ளைகளுக்குக் கழலை. மிகக் குறைவு மாத்தளை, 6.5 விழுக்காடு. மிக அதிகம் களுத்துறை, 30.2 விழுக்காடு. இந்த மூன்று எண்களையும் எல்லோரும் எடுத்தாள்கிறார்கள். நான் நிறுத்திப் பார்க்க விரும்புவது நான்காவதொரு எண்ணை: ‘24 மாவட்டங்களில் 17’.

வடக்கு, கிழக்கு மாகாணங்களை நீக்கினால் மீதி ஏழு மாகாணங்களின் மாவட்டங்கள் சரியாக 17. யாழ்ப்பாணம், மன்னார், வவுனியா, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை என்ற ஏழையும் சேர்த்தால் 24. 1984 பெப்ரவரியில் கிளிநொச்சி தனி மாவட்டமானபின் மொத்தம் 25 ஆயிற்று. ஆக 24 என்பது கிளிநொச்சி பிரிவதற்கு முந்திய கணக்கு. ஆய்வின் திட்டம் 1984க்கு முன் வரையப்பட்டதா, அல்லது பழைய மாவட்டப் பட்டியலையே பின்னரும் பயன்படுத்தினார்களா என்பதை அந்த எண்ணைக் கொண்டு மட்டும் தீர்க்க முடியாது. முதலாவதற்கே நான் சாய்கிறேன், அழுத்திச் சொல்லமாட்டேன். ஆனால் விடுபட்டவை எவை என்பதில் எனக்கு ஐயமில்லை. எண்ணிக்கை அத்தனை இறுக்கமாகப் பொருந்துகிறது. அந்த ஆண்டுகளில் வடக்கிலும் கிழக்கிலும் நடந்ததை நினைத்தால் காரணத்தை விளக்கவும் வேண்டியதில்லை.

இனி அட்டவணையை வில்சனின் கோட்டின்மேல் வைப்போம். ஆய்வு செய்யப்பட்ட 17இல் அனுராதபுரம், பொலன்னறுவை, புத்தளம், அம்பாந்தோட்டை, மொனராகலை எல்லாம் அடங்கும். மிகக் குறைந்த அளவே மாத்தளையின் 6.5 என்றால், வறண்ட வலயத்து மாவட்டம் எதுவும் அதற்குக் கீழே போகவில்லை. அன்று பலர் கொண்ட 10 விழுக்காட்டு எல்லையை வைத்தால் சில மாவட்டங்கள் தப்பியிருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்த 5 விழுக்காட்டு எல்லையை வைத்தால் ஒன்றும் தப்பாது. மட்டக்களப்போடு எல்லையைப் பகிரும் பொலன்னறுவையும் தப்பாது. வறண்ட வலயம் நோயற்றது என்ற முடிவு அளந்து பார்த்த இடத்திலெல்லாம் உடைந்திருக்கிறது. அளக்காத இடத்தில் மட்டும்தான் உடையாமல் நிற்கிறது.

அடுத்தது கடல். களுத்துறை கடற்கரை மாவட்டம். பேருவளையில் பெரிய மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. அங்கேயே கழலை தீவில் மிக அதிகம். கடலுக்கு அருகிருப்பது காக்குமென்றால் காத்திருக்க வேண்டிய முதல் இடம் அதுதான். சி. பி. திசாநாயக்கவும் ரோகன சந்திரஜித்தும் 1996இல் எழுதிய கட்டுரையில் இதற்கு ஒரு வழி காட்டினார்கள். மண்ணிலும் நீரிலும் எவ்வளவு அயடீன் இருக்கிறது என்பது ஒன்று, அதில் எவ்வளவு பயிருக்கும் உடலுக்கும் எட்டும் என்பது இன்னொன்று. களிமண்ணும் மக்கிய இலைதழையின் கரிமப் பொருளும் அயடீனைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இதை ஏற்றால் மட்டக்களப்புக்கு ஒரு புதிய கேள்வி பிறக்கிறது, ஏனெனில் வாவியின் இரண்டு கரையும் ஒரே மண் அல்ல.

எழுவான்கரை மணல். கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி என்று கடலுக்கும் வாவிக்கும் இடையில் நீண்ட அந்தப் பட்டியில் கிணறு ஆழமில்லை. நன்னீர் உவர்நீரின்மேல் மெல்லிய படலமாகக் கிடக்கிறது. கடற்காற்றில் வரும் அயடீனைப் பிடித்து வைக்கக் களியும் குறைவு. படுவான்கரை வேறு. கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி, உன்னிச்சைப் பக்கம் விஜயன் தொகுதிப் பழம்பாறையின் மேலமைந்த வண்டலும் களியும். வயலும் குளமும் சேனையும். குளத்து மீன் நன்னீர் மீன், கடல் மீன் அளவு அயடீன் அதில் இல்லை. சேனைக்காரர் உண்ணும் மரவள்ளியிலிருந்து உடலில் பிறக்கும் தயோசயனேற்று, தைரொயிட் அயடீனை உறிஞ்சுவதைத் தடுக்கும். அயடீன் போதுமானால் அது பெரிய கேடில்லை, குறைந்தால் கேடு. இவற்றையெல்லாம் சேர்த்து நான் சொல்வது: உப்பில் அயடீன் சேர்ப்பது நடைமுறைக்கு வந்த 1995க்கு முன் மட்டக்களப்பில் கண்டக்கழலை இருந்திருந்தால் அது படுவான்கரையில் இருந்திருக்கும், எழுவான்கரையில் குறைந்திருக்கும். மாவட்டத்துக்கு ஒரே எண் கொடுக்கும் எந்தக் கணக்கும் இந்த வேறுபாட்டை விழுங்கிவிடும்.

இதற்கு எதிராக ஒன்று சொல்லலாம். வாவி இரண்டு கரையையும் பிரித்தது போலவே இணைக்கவும் செய்தது. எழுவான்கரைக் கருவாடும் கூனியும் தோணியேறி மேற்கே போயின, நெல்லும் தயிரும் கிழக்கே வந்தன. அப்படியானால் படுவான்கரைக்கும் அயடீன் போயிருக்குமே? போயிருக்கும், ஆனால் ஒரே அளவில் அல்ல. வாவி மீன் கடல் மீனும் அல்ல, குளத்து மீனும் அல்ல. பாலமீன்மடுவிலும் பெரியகல்லாற்றிலும் கடல்நீர் உள்ளே ஏறும் காலத்தில் வாவி உவர்ப்பு, மாரியில் ஏறத்தாழ நன்னீர். அதில் வளர்வதின் அயடீனும் ஒரே நிலையில் நில்லாது. கருவாடு காய்ச்சலிலும் கழுவலிலும் ஒரு பங்கை இழக்கும். கைக்கு எட்டிய கடல் உணவு என்பது வேறு, வாரச்சந்தையில் வாங்கும் கருவாட்டுத் துண்டு என்பது வேறு. உப்பைக் காரணமாகக் காட்டுவோர் உளர். வெயிலில் விளைந்த கடலுப்பில் இயல்பாக உள்ள அயடீன் மிகச் சொற்பம். அதைக் கொண்டு எந்தக் கழுத்தும் காக்கப்பட்டதில்லை.

இன்றைய கிணற்று நீரை அளந்து பழைய நிலையைச் சொல்லிவிடலாமே என்று கேட்பவர்களுக்கும் ஒரு தடை உண்டு. 2004 டிசம்பர் 26ஆம் திகதியின் சுனாமி எழுவான்கரைக் கிணறுகளைக் கடல்நீரால் நிரப்பியது. சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கல்லடி, களுதாவளை, ஓட்டமாவடி ஆகிய இடங்களில் அந்த உவர்ப்பைப் பின்தொடர்ந்தார்கள். இறைத்ததும் கலக்கியதும் மழை வந்து கழுவியதுமாக அந்த நீர் முந்திய நீராக இல்லை. இப்போது பல வீடுகளுக்கு உன்னிச்சைக் குளத்து நீர் குழாயில் வருகிறது. ஆக 2005க்குப் பின் எடுத்த எந்த நீர் மாதிரியையும் வில்சனின் காலத்துச் சாட்சியாக நிறுத்த முடியாது. மேற்கரைக் கிணறுகளில் அந்தச் சிக்கல் குறைவு.

கிழக்கு மாகாணம் கணக்குக்குள் வந்தது மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தின் 2000–2001 ஆய்வில். ஒன்பது மாகாணங்களையும் சேர்த்த அந்த ஆய்வை ரேணுகா ஜயதிஸ்ஸவும் உடனாய்வாளர்களும் 2005இல் வெளியிட்டார்கள். கழலை 20.9 விழுக்காடு, சிறுநீர் அயடீனின் இடைநிலை அளவு லீற்றருக்கு 145 மைக்ரோகிராம், அதாவது போதுமான அளவு. 18.8இலிருந்து 20.9க்கு நோய் கூடிவிட்டது என்று இதைப் படிக்கக் கூடாது. 1960இல் வகுத்த தரப்படுத்தலில் தொட்டால் மட்டும் தெரிவதும் தலையை நிமிர்த்தினால் தெரிவதும் தனித்தனி. 1994இல் அவை ஒரே தரமாயின. எதை எந்த அளவுகோலால் அளந்தார்கள் என்று பாராமல் இரு எண்களையும் அருகருகே வைப்பது வீண். மேலும் அயடீன் கிடைக்கத் தொடங்கியபின்னும் பருத்த சுரப்பி சுருங்க ஆண்டுகள் ஆகும். சிறுநீர் இந்த வாரத்தைச் சொல்லும், கழுத்து கடந்த பத்தாண்டைச் சொல்லும். அந்தக் கடந்த பத்தாண்டில்தான் மட்டக்களப்பு போருக்குள் இருந்தது.

உப்பில் அயடீன் சேர்க்கும் விதியை 1993 என்று சிலரும் 1995 என்று சிலரும் எழுதுகிறார்கள். விதி முந்தியது, நடைமுறை பிந்தியது என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது. வாவிக்கரைக்கு இந்த இரண்டு ஆண்டும் உதவாது. 1990 முதல் 2007 வரை படுவான்கரையின் பெரும்பகுதி அரசின் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்தது. மண்முனைத்துறையில் பாலம் 2014இல்தான் திறந்தது, அதுவரை பாதை என்று மக்கள் சொல்லும் மிதவைதான். கடை உப்பு எங்கிருந்து வந்தது, அயடீன் சேர்த்ததா, சேர்க்காததா என்பதைச் சோதனைச்சாவடிகளும் வியாபாரிகளும் தீர்மானித்த காலம் அது. வந்த உப்பிலும், கல்லுப்பைக் கழுவித் திறந்த சட்டியில் வைக்கும் வீடுகளில் அயடீனின் ஒரு பகுதி போய்விடும். எனவே அயடீன் உப்பு எழுவான்கரைக்கு 1995க்குப் பின் சில ஆண்டுகளுக்குள் வந்தது என்று கொள்ளலாம். படுவான்கரைக்கு முழுமையாக வந்த காலத்தை 1995க்கும் 2007க்கும் இடையில் என்பதற்கு மேல் குறுக்க நான் விரும்பவில்லை.

இந்த இடைவெளி கழுத்து வீக்கத்தோடு முடியவில்லை. எல். டி. பிரேமவர்தன முதலானோர் 2000இல் வெளியிட்ட ஆய்வு, உப்பில் அயடீன் சேர்க்கத் தொடங்கியபின் இலங்கை மாணவியரின் குருதியில் தைரோகுளோபியூலினுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் மிகுந்திருப்பதைக் காட்டி, அயடீன்தான் காரணமா என்று கேட்டது. இன்று மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் சிகிச்சை நிலையத்தில் தைரொட்சின் மாத்திரையோடு நிற்கும் நடுவயதுப் பெண்ணின் நோய், சிறுவயதுக் குறையின் எச்சமா, பின்னாளில் திடீரென வந்த அயடீனுக்கு உடல் காட்டிய எதிர்வினையா என்று கேட்க, அவர் எந்தக் கரையில் எந்த ஆண்டு பிறந்தார் என்பது தெரிந்தாக வேண்டும். மாவட்டத்தின் பெயரைக் கேட்டுக்கொண்டு நிறுத்தும் நோயாளர் பதிவு அதைச் சொல்லாது. கிராம சேவகர் பிரிவைக் குறித்தால் சொல்லும். 1990க்கு முன் படுவான்கரையில் பிறந்தவர்களையும் அதே காலத்தில் எழுவான்கரையில் பிறந்தவர்களையும் அப்படிப் பிரித்து எடுத்தால், 1980களின் அட்டவணையில் விடுபட்ட வரிசையை ஓரளவேனும் நிரப்பலாம். அந்தத் தலைமுறை இப்போது முப்பத்தைந்து வயதைத் தாண்டுகிறது.