ஒத்திகையற்ற மேடை: மதுரை ஸ்பெஷல் நாடகத்தில் இசையும் அரசியலும்

மதுரை வட்டாரத்துக் கோயில் திருவிழாக்களில் இரவில் தொடங்கி விடியும்வரை நடக்கும் ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், ஹார்மோனியக்காரர், மிருதங்கக்காரர் என ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பேசி அமர்த்தப்படுகின்றனர். நிலையான குழு என்று ஒன்றில்லை. இதைக் கலைச்சரிவாகக் காணும் பார்வை பழையது. ஆனால் விடுதலைப் போராட்டக் காலத்தில் அரசியல் இம்மேடைக்குள் புகுந்ததே இந்த ஒத்திகையின்மை திறந்துவிட்ட வழியாகத்தான்.

ஒத்திகை இல்லை என்பதால் ஒழுங்கு இல்லை என்றாகாது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) எழுதிய ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’ போன்றவை எல்லா நடிகர்களுக்கும் பாடம். 1918இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா, சிறுவர்களைக் கட்டுப்பாடான பயிற்சியில் வளர்த்தது. ஸ்பெஷல் நடிகர்களிடமும் அதே நாடகங்கள்தாம் புழங்கின. எதை நீட்டுவது, எதை விடுவது என்பது மட்டும் மேடையில் முடிவாயிற்று. நாரதரும் வள்ளியும் மோதும் தர்க்கக் காட்சியில் இதைத் தெளிவாகக் காணலாம். நாரதர் விருத்தம் எடுக்கிறார். விருத்தத்துக்குத் தாளக்கட்டு இல்லை. மிருதங்கம் ஓய்ந்திருக்க, ஹார்மோனியம் ராகத்தின் நிழலாகப் பின்தொடர்கிறது. வள்ளி அதே ராகத்தில் பதில் சொல்லலாம், வேறு ராகத்துக்கு மாறி எதிராளியைத் திணறடிக்கவும் செய்யலாம். பாட்டு தொடங்கியதும் தாளம் சேர்கிறது. பாடகரின் கட்டைக்கும் போக்குக்கும் நொடியில் ஈடுகொடுக்கும் ஹார்மோனியக்காரரே இரவு முழுவதையும் தாங்குகிறார் என்றால் மிகையில்லை.

ஏறத்தாழ இதே அமைப்பை மேலை இசை 1960களுக்குப் பின் தேடிச் சென்றது. ஆங்கிலேய கிதார் கலைஞர் டெரெக் பெய்லி 1976 முதல் ‘கம்பெனி’ என்ற பெயரில், சேர்ந்து வாசித்துப் பழகாத இசைஞர்களை ஒரே மேடையில் கூட்டினார். ஆர்ட் என்செம்பிள் ஆஃப் சிகாகோ முகவண்ணம் பூசி, நடிப்பையும் கறுப்பின மக்களின் தன்னுணர்வையும் ஜாஸோடு இணைத்தது. பெய்லி பொதுப்பாடம் எதையும் முன்வைக்கவில்லை; மதுரை மேடையோ பொதுப்பாடத்தின் மேல்தான் நிற்கிறது. அரசியலைப் பொறுத்தவரை இந்த வேறுபாடு முக்கியமானது. கேட்போர் எல்லாருக்கும் கதை தெரிந்திருந்தால்தான், அதிலிருந்து விலகிய ஒரு வரி யாரைச் சுட்டுகிறது என்பது உடனே விளங்கும்.

1876ஆம் ஆண்டின் நாடக நிகழ்த்துதல் சட்டம் அரசுக்கு எதிரான நாடகங்களைத் தடைசெய்ய அதிகாரம் தந்தது. அரசு ஆணையிட்ட பகுதிகளில் நாடகப் பிரதியை மூன்று நாள் முன்னதாகக் கேட்டுப் பெறவும் அதில் இடமிருந்தது. ஆயினும் எழுத்தில் இருப்பதை மட்டுமே அப்படிப் பெற முடியும். முருகன் கதைக்கான பிரதியில் குற்றம் காண ஏதுமில்லை. சிவகாசியில் 1886இல் பிறந்து திருமங்கலத்தில் வாழ்ந்த நடிகர் விஸ்வநாத தாஸ், வள்ளியின் தினைப்புனத்துப் பறவைகளுக்கிடையே வெள்ளையரை வெள்ளைக் கொக்காகப் பாடியபோது, அதைப் பிடிக்கக் காவலர்கள் கொட்டகைக்கே வர வேண்டியிருந்தது. அவர் பலமுறை கைதானார். 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேடத்தில் பாடிக்கொண்டிருக்கும்போதே இறந்தார். மதுரகவி பாஸ்கரதாஸின் தேசியப் பாடல்களும் இவ்வாறே புராணக் காட்சிகளுக்கிடையில் ஒலித்தன. காட்சி தடைபடாமல் புதுப்பாட்டைச் சேர்க்க ஸ்பெஷல் முறை இடம்கொடுத்தது; வசனமும் அசைவும் ஒத்திகையில் உறைந்துபோன, நிலையான குழுக்களின் கம்பெனி நாடகத்தில் அது எளிதன்று.

இந்தச் சுதந்திரத்தைப் புனிதப்படுத்தவும் கூடாது. விஸ்வநாத தாஸ் முடிதிருத்தும் சமூகத்தில் பிறந்தவர் என்பதற்காகவே அவரோடு ஜோடியாக நடிக்கச் சில நடிகைகள் மறுத்தனர். தனித்தனியாகப் பேசி அமர்த்தும் முறை, சாதிக்கும் அந்த மறுப்புரிமையை வழங்கியது. ஊர் ஊராக இரவுப் பயணம் செய்து, அயல் ஆண்களோடு மேடையில் நின்ற நடிகைகள் மீது சமூகம் சுமத்திய இழிவும் பெரிது. மதுரையை மையமாகக் கொண்டு ஆய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் சூசன் சைசர் 2005இல் வெளியிட்ட நூலின் கருப்பொருள் அதுவே.

விடுதலைக்குப் பின் தேசியப் பாடல்களின் தேவை குறைந்தது. நாட்டு நடப்பைப் பேசும் பொறுப்பைப் பெரும்பாலும் பபூன் ஏற்றுக்கொண்டார். அரசின் ஐயமோ நீங்கவில்லை. 1954இல் சென்னை மாநிலம் தனியாக ஒரு நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை இயற்றியது. அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாது எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது.