ஒஸ்ரின் காரும் மண்ணெண்ணெய் டாங்கியும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். தேத்தண்ணியை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

எங்கட பெடியள் சிலர் பழைய கார்களில் பெரும் ஈடுபாடு கொண்டிருக்கிறார்கள். மாட்டுக் கொட்டிலுக்குள் கிடந்த ஒஸ்ரினையும் மொறிஸ் மைனரையும் தேடி எடுத்து, தகரம் ஒட்டி, பெயின்ற் அடித்து, கலியாண வீடுகளுக்குக் கொண்டுவருகிறார்கள். ஒருவரிடம் கதவுக் கைபிடி இருக்கும், மற்றவரிடம் ஹெட்லைற் வளையம் இருக்கும். போனிலேயே பேசி மாற்றிக்கொள்கிறார்கள். பார்க்கச் சந்தோசம். யாழ்ப்பாணத்தார் பழமை விரும்பிகள், அதனால்தான் இந்தக் கார்கள் தப்பின என்று சிலர் சொல்வதுதான் சரியில்லை. வேறு கார் கிடைக்காததால்தான் இவை தப்பின. அந்த வரலாற்றைச் சொல்லவே இந்தப் பதிவு.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரித்தானியக் கார்கள் இலங்கைக்குத் தாராளமாக வந்தன. ஒஸ்ரின் ஏ-40, கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் எல்லாம் அப்படி வந்தவை. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு வந்து, கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்படும் வரை, இருக்கிற காரைத் திருத்தி ஓடுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. அதற்குப் பின் தென்பகுதியில் ஜப்பான் கார்கள் நிறைந்தன. இங்கேயும் வரத் தொடங்கின. ஆனால் 1983க்குப் பின் எங்கள் கதை வேறாகப் போய்விட்டது.

திருத்தி ஓடுவதற்கு ஒரு வசதி இருந்தது. ஒஸ்ரின் கொம்பனியும் மொறிஸ் கொம்பனியும் 1952இல் ஒன்றாகிவிட்டன. அதன் பின் இரண்டு பெயரிலும் வந்த கார்கள் பலவற்றுக்கு ஒரே இஞ்சின் குடும்பம்தான். மொறிஸ் மைனருக்கும் ஒஸ்ரின் ஏ-35க்கும் ஒரு குடும்பம். மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டுக்கும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜுக்கும் இன்னொரு குடும்பம். ஆகவே ஓடமுடியாமல் நின்ற ஒரு கார், ஓடிக்கொண்டிருந்த வேறு கார்களுக்குக் களஞ்சியம் ஆனது. கழற்றிய சாமான் எதையும் எறியாமல் எண்ணெய் பூசிச் சாக்கில் கட்டி வைத்தார்கள். எந்தச் சாமான் எதற்குப் பொருந்தும் என்ற கணக்கு எந்தப் புத்தகத்திலும் இருக்கவில்லை, கராச்சுக்காரரின் தலைக்குள் இருந்தது. இந்தியாவின் அம்பாசிடர் காரும் மொறிஸ் ஒக்ஸ்போர்ட்டின் வழி வந்ததுதான். அது 2014 வரை உற்பத்தியில் இருந்தது.

காரை மாற்றி அமைப்பதும் எங்களுக்குப் புதிதல்ல. கொடிகாமம் – பருத்தித்துறை வீதியில் ஓடிய தட்டி வானை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பழைய லொறிச் சேசின் மேல் எங்கள் ஊர்த் தச்சர்கள் மரத்தால் கட்டிய உடல் அது. சனமும் ஏறும், வாழைக்குலையும் ஏறும், பின்தட்டியில் சைக்கிளும் ஏறும். சீமையில் வரைந்த வண்டி எங்கள் சந்தைக்கு ஏற்றபடி மாறிய முதல் உதாரணங்களில் அதுவும் ஒன்று.

ஆனால் உண்மையான சோதனை 1990 யூனில் மீண்டும் போர் தொடங்கியபோதுதான் வந்தது. பாதை மூடியது. மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், பற்றரி, வாகன உதிரிப்பாகங்கள் எல்லாம் தடைப் பட்டியலில் இருந்தன. களவாக வந்த பெற்றோல் போத்தல் கணக்கில் விலைப்பட்டது. மண்ணெண்ணெய் மட்டும் அளவாகக் கிடைத்தது. அப்போதுதான் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடத் தொடங்கின.

வெளிநாட்டில் பிறந்த பேரப்பிள்ளைகள் இதை நம்புவதில்லை. விஞ்ஞானம் எளிது. பெற்றோல் குளிரிலேயே ஆவியாகும். மண்ணெண்ணெய் சூடு பட்டால்தான் போதிய அளவு ஆவியாகும். ஆகவே குளிர்ந்த இஞ்சினை முதலில் கொஞ்சப் பெற்றோலில் ஸ்ராட் பண்ண வேண்டும். சூடு ஏறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். இதற்காகப் பொனற்றுக்குள் ஒரு சின்னப் பெற்றோல் டாங்கி பூட்டினார்கள். அதுவும் இல்லாதவர்கள் சேலைன் போத்தலைக் கட்டித் தொங்கவிட்டார்கள். எண்ணெய் போகும் செப்புக் குழாயைச் சூடான புகைக்குழாயோடு சுற்றி விட்டால், மண்ணெண்ணெய் சூடாகியே காபறேற்றருக்குள் போகும். காரை நிறுத்த முன்பு திரும்பவும் பெற்றோலுக்கு மாற்றி நிறுத்தினால்தான் அடுத்தமுறை இலகுவாக ஸ்ராட் ஆகும்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது? என்னுடைய கணிப்பு, வெங்காயத் தோட்டத்தில் இருந்து. எங்கள் கமக்காரர் கிணற்றுக்கு வைத்த தண்ணீர் இறைக்கும் மிசினுக்கு, பெற்றோலுக்குச் சின்ன டாங்கி, மண்ணெண்ணெய்க்குப் பெரிய டாங்கி என இரண்டு இருந்தன. பெற்றோலில் இழுத்து ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் இறைப்பது தோட்டக்காரப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்த வேலை. பிரித்தானியாவில் செய்த பேர்குசன் உழவு இயந்திரங்களிலும் இதே முறையில் ஒரு வகை இருந்தது. தோட்டத்து அறிவு வீதிக்கு ஏறியது, அவ்வளவுதான்.

இங்கேதான் பழைய கார்களின் பெருமை விளங்கும். புதிய ஜப்பான் இஞ்சின் காற்றையும் எண்ணெயையும் சுமார் ஒன்பது மடங்கு இறுக்கும். அதற்குள் மண்ணெண்ணெய் போனால் இஞ்சின் தட்டும், மெல்ல மெல்ல உடையும். பழைய ஒஸ்ரின் இறுக்குவது சுமார் ஏழு மடங்குதான். அதுவும் கூட என்று நினைத்தவர்கள், இஞ்சின் ஹெட்டுக்குக் கீழே இரண்டாவது காஸ்கற் வைத்து இறுக்கத்தை இன்னும் குறைத்தார்கள். மதிப்புக் குறைந்த கிழட்டுக் காரே மதிப்புள்ள கார் ஆனது.

இதற்கு விலையும் இருந்தது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரனைத் தாண்டிக் கீழே வடிந்து இஞ்சின் ஒயிலைத் தண்ணீராக்கும். றிங் தேயும், பிளக் கரி பிடிக்கும், வீதி முழுக்கப் புகை. காருக்கு ஊற்றிய ஒவ்வொரு போத்தலும் ஒரு வீட்டு விளக்குக்கான எண்ணெய் என்பதையும் மறக்கக்கூடாது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சுத் திரி வைத்துப் படித்துப் பரீட்சை எழுதிய என் மாணவர்களுக்கு அந்த எண்ணெயின் அருமை தெரியும். ஆனாலும் பிள்ளைப்பேற்றுக்காரியை இரவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அந்தப் புகைக் கார்தான். 1995 ஒக்ரோபர் 30 இடம்பெயர்வில் வயதானவர்களைச் சுமந்த வண்டிகளில், லான்ட்மாஸ்ரர்களோடு அந்தக் கார்களும் இருந்தன.

2002இல் ஏ-9 வீதி திறந்தது. சாமான் வந்தது, ஜப்பான் வான் வந்தது. 2009க்குப் பின் தென்பகுதியில் இருந்து சேகரிப்பாளர்கள் வந்து பழைய கார்களை விலைபேசினார்கள். பல கார்கள் போய்விட்டன. மிஞ்சியவற்றைத்தான் எங்கட பெடியள் இப்போது திருத்துகிறார்கள்.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விசயம்.

காரைத் திருத்தும்போது “ஒரிஜினல்” ஆக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படி. அதற்காகப் பொனற்றுக்குள் இருக்கும் தகர டாங்கியைக் கழற்றி எறிகிறார்கள். சுற்றிய செப்புக் குழாயைப் பழைய இரும்புக்காரருக்கு நிறுத்து விற்கிறார்கள். ஊர் லேத்தில் கடைந்த புஸ்ஸை மாற்றிவிட்டு, சீமைச் சாமானுக்கு இணையத்தில் காசு கட்டுகிறார்கள்.

பிள்ளைகளே, கொஞ்சம் யோசியுங்கள். சீமையில் இருந்து வந்த நாளில் இருந்ததைப் போன்ற ஒஸ்ரின் இங்கிலாந்தில் ஏராளம் உண்டு. மண்ணெண்ணெய் டாங்கியோடு இருக்கும் ஒஸ்ரின் எங்கட மண்ணுக்கு உரியது. அந்தத் தகர டாங்கி ஒரு சாசனம். கல்வெட்டை மினுக்குவதற்காக எழுத்தை உரஞ்சி அழிப்போமா?

காரை அழகாக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. பாதுகாப்பான பிறேக் போடுங்கள், நல்ல வயர் போடுங்கள். ஆனால் பழைய மாற்றத்தைக் கழற்ற முன்பு ஒரு படம் எடுங்கள். யார் செய்தது, எந்த வருசம், எந்தக் கராச்சில் என்று கார்க்காரரிடம் கேட்டு எழுதி வையுங்கள். கழற்றிய சாமானை எறியாமல் காரோடு ஒரு பெட்டியில் வையுங்கள்.

அதைவிட அவசரமான வேலை ஒன்று உண்டு. அந்த மாற்றங்களைச் செய்த மெக்கானிக்மார் பலர் இப்போது எழுபதைத் தாண்டிவிட்டார்கள். சிலர் போயே விட்டார்கள். பெரும்பாலானோர் பள்ளிக்கூடத்தை இடையில் விட்டவர்கள். எங்கள் பாடப்புத்தகத்தில் அவர்களுக்கு ஒரு வரியும் இல்லை. நான் முப்பது வருசம் பாடம் எடுத்தவன். பாடப்புத்தகம் இல்லாத நேரத்தில் பாடம் படித்துக் காட்டியவர்கள் அவர்கள்தான் என்று தயங்காமல் சொல்வேன்.

உங்கள் ஊரில் அப்படி ஒரு ஐயா இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை அவரிடம் போங்கள். போனில் அவர் குரலைப் பதியுங்கள். எந்த இஞ்சினுக்கு எந்தச் சாமான் பொருந்தும் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள். கனடாவிலும் லண்டனிலும் இருப்பவர்கள், வீட்டு அல்பத்தில் பழைய கார்ப் படம் இருந்தால், அதன் கதையையும் சேர்த்துக் கீழே போடுங்கள். நான் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதிச் சேர்க்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்