வாக்கும் எழுத்தும்: புதுவை ஆட்சி வரலாற்றில் ஒடுக்கப்பட்டோர்

நல்லாட்சி என்பது யாது? தலைநகரில் ஆள்பவர் யார் என்பது ஒரு வினா. தெருவிளக்கு எரியாவிடில் யாரிடம் சென்று கேட்பது என்பது மற்றொரு வினா. பிள்ளைச்சாவடியில் வாழும் நமக்கு இரண்டாவதே அன்றாட வினா. நம் கல்விக் கழகம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், அதற்கான விடையைப் புதுவை வரலாற்றிலேயே தேட முற்படுகின்றோம்.

பிரெஞ்சிந்தியாவின் ஆண்கள் 1848-ஆம் ஆண்டிலேயே வாக்குரிமை பெற்றனர். விரைவில் பறிபோன பாரிசு நாடாளுமன்றப் பிரதிநிதித்துவம் 1871-இல் மீண்டது. 1880-இல் கொம்யூன்தோறும் தேர்தல்வழி மன்றங்கள் அமைந்தன. ஏட்டளவில் சேரிக்காரரும் பெருநிலக்கிழாரும் சமமே. ஆயின் கூலியும் குடியிருப்பும் நிலக்கிழாரிடம் இருக்கையில், வாக்கு மட்டும் எங்ஙனம் தனித்து நிற்கும்?

1881 செப்டம்பர் 21-ஆம் நாள் ஆணை ஒரு வாயிலைத் திறந்தது. சாதி வழக்காற்றுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடியியற் சட்டத்தை ஏற்பவர், புதிய குடும்பப் பெயருடன் சட்டத்தின் முன் சமமாவர். இயக்கத்தை முன்னின்று நடத்திய பொன்னுத்தம்பிப் பிள்ளை, வாயில் எனப் பொருள்படும் ‘லா போர்த்’ என்னும் பெயரையே சூடிக்கொண்டார். இவ்வழி சென்றோருள் ஒடுக்கப்பட்டோரும் கிறித்தவரும் மிகுதி. ஆனால் 1884-இல் வாக்காளர் ஐரோப்பியர், துறந்தோர், துறவாதோர் என மூன்று பட்டியல்களாகப் பிரிக்கப்பட்டனர். பழைய வழக்காற்றைக் காக்க நின்ற சண்முக வேலாயுத முதலியாரின் கட்சியே பல்லாண்டுகள் அரசியலை ஆண்டது. வாயில் திறந்தது, உள்ளே அமர இடம் கிட்டவில்லை.

உரிமையைப் போராடிப் பெற்றவர்கள் ஆலைத் தொழிலாளர். 1936 சூலை 30-இல் துப்பாக்கிச் சூட்டில் பன்னிருவர் உயிர் நீத்தனர். அதன்பின்னரே எட்டு மணி நேர வேலையும் சங்கம் அமைக்கும் உரிமையும் சட்டமாயின. 1954 அக்டோபர் 18-இல் கீழூரில் 178 மக்கட் பிரதிநிதிகளுள் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். அவர்களுள் பெரும்பாலோர் கொம்யூன் மன்றத்தினர் என்பதை நாம் மறத்தலாகாது. நாட்டின் திசையை மாற்றியவை சிற்றூர் மன்றங்களே.

அம்மன்றங்களின் பிற்கதை வருந்தத்தக்கது. 1968-இல் நடந்த உள்ளாட்சித் தேர்தலுக்குப் பின் அடுத்தது 2006-இல்தான் வந்தது. இடையே 38 ஆண்டுகள்! 1963 முதல் சட்டமன்றம் உண்டு. அதில் 30 இடங்களுள் ஐந்து பட்டியல் இனத்தார்க்குரியவை. ஆனால் தெருக்குறையைக் கேட்க வேண்டிய மன்றத்தில் அதிகாரிகளே அமர்ந்திருந்தனர். 1992-இன் அரசமைப்புத் திருத்தங்கள் உள்ளாட்சியில் நமக்கும் பெண்டிர்க்கும் இடஒதுக்கீட்டை உறுதி செய்தன. 2006-இல் தேர்ந்த மன்றங்களின் காலம் 2011-இல் முடிந்தது. 2021-இல் அறிவிக்கப்பட்ட தேர்தலும் நடைபெறவில்லை. தேர்தலே இல்லாதபோது ஒதுக்கீடு யாருக்குப் பயன்?

இவ்வரலாறு நமக்குக் கூறுவது ஒன்றே. மேலிருந்து வந்த வாக்குரிமை, படிப்பும் அமைப்பும் இல்லாவிடில் பிறர் கைக்கருவியாகும். படித்த மகன் மனு எழுதுவான். படித்த மகள் வாக்காளர் பட்டியலைப் புரட்டித் தன் தாயின் பெயர் விடுபட்டதைக் காண்பாள். நம்மூர் எல்லையிலேயே உயர்தொழிற்கல்வி நிலையம் எழுந்துள்ளது. அதன் வாயிலை நம் பிள்ளைகள் கடத்தல் வேண்டும். கற்போம், கற்றபின் கேட்போம், கேட்பதற்குரிய மன்றத்தையும் மீட்போம்.