பெயரத் தெரிந்த வீடு

காட்டுக்குள் ஓரிரவு தங்குவதற்கென்று வாடகைக்கு விடப்படும் வட்டக் கூடாரங்களை உலகெங்கும் இன்று ‘யூர்ட்’ என்கிறார்கள். நடுவில் ஒரு கட்டில், ஓரத்தில் ஓர் அடுப்பு, கூரை உச்சியில் வானம் தெரிய ஒரு வட்டத் திறப்பு. நகர இரைச்சலில் களைத்தவர்கள் பணம் கொடுத்துப் பெறும் எளிமை இது. அந்த ஆசையை ஏளனம் செய்வது நம் நோக்கமன்று. இக்கூடாரம் எங்கிருந்து வந்தது, காட்டில் கூடாரமடித்துத் தங்குதல் நம் மண்ணில் எவ்வாறு நிகழ்ந்தது என்று சற்றே திரும்பிப் பார்க்கலாம்.

யூர்ட் என்பது துருக்கிய மொழிகளுக்குரிய சொல். பழந்துருக்கியில் அது கூடாரத்தைக் குறிக்கவில்லை. மக்கள் தங்கியிருந்து பெயர்ந்துபோன இடத்தைக் குறித்தது. இன்றைய துருக்கி மொழியில் அதற்குத் தாயகம் என்று பொருள். கூடாரம் என்ற பொருளைப் பிற மொழியாரே அதன்மேல் ஏற்றினர். மங்கோலியர் தம் வட்ட வீட்டைக் ‘கெர்’ என்பர். மடக்கி விரிக்கத்தக்க மரப்பின்னல் சுவர், அதன்மேல் சாய்ந்து உச்சி வளையத்தில் செருகி நிற்கும் கழிகள், அனைத்தையும் போர்த்தும் தடித்த ஆட்டுமயிர்க் கம்பளம். அவ்வளவுதான். சில மணி நேரத்தில் பிரித்து, விலங்குகளின்மேல் ஏற்றிவிடலாம். பிரிக்காமலே நகர்த்தியதும் உண்டு. 1253-இல் மங்கோலியப் பேரரசை நோக்கிப் பயணமான ருப்ரக் வில்லியம் என்னும் துறவி, வண்டிமேல் வைத்த ஒரு வீட்டை 22 எருதுகள் இழுத்துச் சென்றதை எண்ணிப் பார்த்து எழுதியிருக்கிறார். கெர் அமைக்கும் கைத்திறனை யுனெஸ்கோ 2013-இல் மானுடத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலிட்டது.

அந்த வீடு ஏன் நகர்ந்தது? புல்லுக்காக. மேய்ந்த நிலம் மீண்டும் தளிர்க்க வேண்டுமானால் மந்தை அங்கிருந்து அகல வேண்டும். மந்தை அகன்றால் வீடும் அகல வேண்டும்.

*

இடம்பெயர்தலின் நினைவைத் தாங்கிய சொற்கள் தமிழிலும் உண்டு. பாடி, பாளையம், படைவீடு என்னும் மூன்றும் படை தங்கிய இடத்தைக் குறித்தவை. படை போன பின்னும் பெயர் தங்கி, பின்னர் ஊர்களாகிவிட்டன.

காட்டுக்குள் அமைந்த அத்தகைய பாடி ஒன்றின் முழுமையான சித்திரம் முல்லைப்பாட்டில் கிடைக்கிறது. பத்துப்பாட்டுள் மிகச் சிறியது. 103 அடிகளே உடையது. காட்டாற்றை அடுத்த முல்லை நிலத்தில் நப்பூதனார் அமைத்துக் காட்டும் பாசறையில் இலைக் கூரையிட்ட தெருக்கள் உள்ளன. தூண் நட்டுக் கயிறு கட்டிய இருக்கைகள் உள்ளன. அரசனின் உறைவிடத்தை யவனர் அமைக்கிறார்கள். திரை ஒன்று அதை ஈரறையாகப் பகுக்கிறது. நீர்க்கடிகை கொண்டு நேரம் சொல்வோரும் இருக்கிறார்கள். இன்றைய சொகுசுக் கூடாரத்தில் உள்ளவற்றுள் பாதி அன்றே இருந்திருக்கிறது என்று வியக்கலாம்.

ஆனால் அப்பாடி எப்படி உருவானது என்பதையும் புலவர் மறைக்கவில்லை. பிடவம் முதலிய பசும்புதர்கள் வெட்டப்படுகின்றன. வேடரின் சிறு அரண்கள் அழிக்கப்படுகின்றன. அதன் பிறகே முள்வேலி எழுகிறது. காடு வெற்றிடமாக இருக்கவில்லை. அங்கே ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். அந்தப் பாசறையில் படுத்த அரசனுக்கு உறக்கமும் வரவில்லை. புண்பட்ட யானைகளையும் மாண்ட வீரர்களையும் எண்ணிக் கிடக்கிறான். போர் முடிந்ததும் அவன் திரும்பிவிடுகிறான். புதர் மறுபடி முளைத்திருக்கும். வேடர் மீண்டும் வந்தார்களா என்பதைப் பாட்டு சொல்லவில்லை.

*

நங்கநல்லூர்வாசிகளான நமக்கு இன்னொரு கூடாரக் கதை மிக அருகில் இருக்கிறது. உயரமான மொட்டை மாடி எதில் ஏறினாலும் கண்ணில் படும் பரங்கிமலையிலிருந்து அது தொடங்குகிறது. 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்ப்டன் என்னும் ஆங்கிலப் படையதிகாரி இம்மலையை ஒட்டிய சமவெளியில், 100 அடி நீள எஃகுச் சங்கிலி கொண்டு ஒரு நேர்க்கோட்டை அளக்கத் தொடங்கினார். தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீண்ட அந்தக் கோடுதான், இமயம் வரை சென்ற மாபெரும் முக்கோண அளவீட்டின் அடிப்படை. இருபது ஆண்டுகள் லாம்ப்டனின் வாழ்க்கை பெரும்பாலும் கூடாரங்களிலேயே கழிந்தது. ஹைதராபாத்திலிருந்து நாக்பூருக்கு முகாமை மாற்றிச் செல்லும் வழியில், 1823 ஜனவரி 20 அன்று ஹிங்கன்காட்டில் இறந்தார்.

அவருடைய துணைவராகச் சேர்ந்த ஜார்ஜ் எவரெஸ்ட், 1819-இன் மழைக்காலத்தில் கிருஷ்ணா, கோதாவரி ஆறுகளுக்கு இடைப்பட்ட காடுகளில் கூடாரமடித்தார். கொடிய காய்ச்சல் அந்தக் குழுவையே சாய்த்தது. உடனிருந்தோர் பலர் மாண்டனர். எவரெஸ்ட் உடல் தேற நன்னம்பிக்கை முனைக்குக் கப்பலேற வேண்டியதாயிற்று. அவர் பெயர் பின்னாளில் உலகின் மிக உயர்ந்த சிகரத்துக்குச் சூட்டப்பட்டது. அவருடைய கூடாரத்தைச் சுமந்தவர்களும், முளையடித்தவர்களும், பார்வைக் கோட்டை மறைத்த மரங்களை வெட்டியவர்களும் நம் நினைவில் இல்லை.

இந்தக் கூடாரங்களும் பெயர்ந்துதான் போயின. ஆனால் அவை விட்டுச்சென்றது வெறும் தடமல்ல, வரைபடம். வரைபடம் வந்த பின் காட்டுக்கு எல்லை வந்தது. எல்லை வந்த பின் உடைமை வந்தது.

*

வரைபடமின்றியே காட்டில் வாழத் தெரிந்தவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். நீலகிரித் தோடரின் பழைய வீடு, பாதிப் பீப்பாயைக் கவிழ்த்தது போன்ற வளைகூரை உடையது. வளைத்த மூங்கிலும் பிரம்பும் புல்லும் சேர்ந்தது. தவழ்ந்தே நுழையத்தக்க சிறு வாயில். யூர்ட் போல அதை எடுத்துச் செல்ல முடியாது. ஆனால் தோடர் பருவந்தோறும் எருமைகளுடன் ஒரு மந்திலிருந்து மற்றொரு மந்துக்குப் பெயர்ந்தனர். ரிவர்ஸ் 1906-இல் வெளியிட்ட நூலில் இந்த இடமாற்றங்களைப் பதிவு செய்திருக்கிறார். வீடு நின்றது, மனிதர் நகர்ந்தனர், புல்வெளிக்கு ஓய்வு கிடைத்தது. மங்கோலியரின் விதியும் இதுவேதான்.

இந்த விதிதான் வாடகைக் கூடாரத்தில் தலைகீழாகிறது. 1960-களில் அமெரிக்காவில் யூர்ட்டைப் பரப்பிய வில்லியம் காப்பர்த்வெயிட், எளிய மனிதர் தம் கையால் கட்டத்தக்க வீடாகவே அதைக் கண்டார். வணிகம் அதை மரமேடைமேல் ஏற்றி, கழிப்பறையும் மின்சாரமும் இணைத்து, ஒரே இடத்தில் நிறுத்திவிட்டது. விருந்தினர் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், கூடாரம் மாறுவதில்லை. அது அகலாதபோது அகல வேண்டியவை விலங்குகள்.

அதன் விளைவை நாம் கண்டுவிட்டோம். முதுமலைக்கும் சத்தியமங்கலத்துக்கும் இடையிலுள்ள சீகூர் பீடபூமி யானைகள் பருவந்தோறும் கடந்து செல்லும் நிலம். 2010-இல் தமிழக அரசு அங்கே யானை வழித்தடத்தை அறிவித்தது. 2018-இல் அங்கிருந்த பல விடுதிகளுக்கு முத்திரையிட உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2020 அக்டோபர் 14 அன்று அந்த வழித்தட அறிவிப்பை உறுதி செய்தது. அடுத்த சில மாதங்களிலேயே, 2021 ஜனவரியில், இரண்டு மரணங்கள். மசினகுடியில் விடுதி ஒன்றின் பக்கம் வந்த யானையின் மீது எரியும் டயரை வீசினர். அது புண்பட்டு இறந்தது. வயநாட்டு மேப்பாடியில், கூடார விடுதியில் தங்கியிருந்த பெண்ணொருவர் யானை தாக்கி உயிரிழந்தார். இரண்டு துயரங்களுக்கும் வேர் ஒன்றுதான். யானையின் பாதையில் நாம் இரவு தங்குகிறோம்.

காட்டில் யாருமே தங்கக்கூடாது என்று இதற்குப் பொருளில்லை. முத்திரையிடுவோரின் பார்வையில் சொகுசு விடுதியும் பழங்குடிக் குடிசையும் ஒன்றாகிவிடும் ஆபத்து சீகூரிலும் இருக்கிறது. அங்கே தலைமுறைகளாக வாழ்பவர்களின் அச்சம் நியாயமானது. தங்கலுக்கும் தங்கலுக்கும் வேறுபாடு உண்டு என்பதைத்தான் இந்த நெடிய வரலாறு சொல்கிறது. காட்டின் பருவத்துக்குத் தன்னை ஒப்புக்கொடுத்துப் பெயர்வது ஒருவகை. காட்டைத் தன் வசதிக்குப் பெயர்ப்பது இன்னொரு வகை.

இந்த ஊரிலிருந்தும் வார இறுதிகளில் பலர் மலையேறுகிறார்கள். அடுத்த முறை நாமும் செல்லக்கூடும். வாடகை எவ்வளவு, சாப்பாடு உண்டா என்று விசாரிக்கும்போது இன்னொரு கேள்வியையும் கேட்டுப் பார்க்கலாம்: இந்தக் கூடாரத்தை எந்த மாதத்தில் பிரிப்பீர்கள்?